குளியல் செலவு

சிவப்புத் துணி தொங்கிய வாசலுக்குள் சுலோசனா தலையைக் குனிந்து நுழைந்ததைத்தான் சென்னியப்பன் கடைசியாகப் பார்த்தான். பக்கத்திலேயே நீலத் துணி தொங்கிய வாசல், ஆண்களுக்கு. அவன் அதற்குள் போனான். இனி அவள் சுவருக்கு அந்தப் பக்கம், அவன் இந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவே உயரமான மேடையில் காசு வாங்க உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் தெரியும். காசை வைக்கும்போது அவன் தன் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தப்பித் தவறியும் அந்தப் பக்கம் பார்வை போய்விடக் கூடாது. டோக்கியோவில் மச்சியா என்கிற இந்தப் பேட்டையின் பழைய மரவீடுகளில் குளியலறை கிடையாது, வாடகை குறைவாக இருப்பதே அதனால்தான், ஆகவே தெருவுக்குத் தெரு இப்படி ஒரு பொதுக்குளியல் கூடம். அச்சு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் படம் வரையும் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவன் இங்கே குளிக்கிறான். முதல் தடவை அவனுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது, சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு கால்சட்டைக்கு வந்ததும் கை நின்றுபோயிற்று, பக்கத்தில் ஒரு தாத்தா பிறந்த மேனியாக நின்று எடை பார்த்துக்கொண்டிருந்தார், அதற்கப்புறம் என்ன கூச்சம். ஆம்பளைக்கு அது சரி. அவளுக்கு? அவளுக்கு முதல் நாள் இன்றுதான். இப்போது கூடையின் முன்னால் நின்றிருப்பாள். ஸ்வெட்டரைக் கழற்றியிருப்பாள். அதற்கு மேல் என்ன செய்திருப்பாள் என்று அவனால் நினைக்க முடியவில்லை, நினைக்கவும் கூடாது போலிருந்தது, சொந்தப் பெண்டாட்டியைப் பற்றித்தான் என்றாலும் சுவருக்கு அப்பால் இன்னும் இருபது பெண்கள் இருக்கிறார்கள், நினைப்பு கதவைத் தட்டாமல் உள்ளே போய்விடும்.

தாழ்வான குழாயின் முன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டான். முதலில் இங்கே உட்கார்ந்து அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும், நுரை ஒரு துளி இல்லாமல் அலச வேண்டும், அதற்கப்புறம்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும், தொட்டி குளிக்க இல்லை, ஊறத்தான். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் அழைத்து வந்திருந்தான். அறை நடுவில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து இதுதான் முக்காலி என்று வைத்துக்கொள் என்றான், ஜன்னலைத் தொட்டி என்றான், அவள் வாத்தியார் முன்னால் நிற்கும் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். பற்களால் கீழுதட்டை ஒரு பக்கம் பிடித்திருந்தாள். கணக்குப் போடும்போது அவளுக்கு அப்படித்தான். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அங்க பாவாடை கட்டிக்கலாமுங்களா?" காளிங்கராயன் வாய்க்காலில் பெண்கள் குளிப்பதுபோல, நெஞ்சுக்கு மேலே ஏற்றிப் பாவாடை கட்டி, பல்லில் கடித்து, கழுத்தளவு தண்ணீரில் நின்று. அவன், கட்டிக்கலாம் என்றான். யோசிக்காமல் சொன்னான். இல்லை, யோசித்துத்தான் சொன்னான். ஆண்கள் பக்கம் துணியில்லை என்பது சரி, ஆனால் பெண்கள் பக்கம் அப்படியா இருக்கும், பொம்பளைகளுக்கென்று ஒரு வழி இல்லாமலா இருக்கும், எந்த ஊராக இருந்தால் என்ன. இப்படி அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான். அவள் உடனே போய்ப் பழைய மஞ்சள் பாவாடையை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். வைக்கும்போது அவள் முகம் தெளிந்ததை அவன் பார்த்தான். ஒன்றரை மாதமாக அந்த முகம் தெளிந்து அவன் பார்க்கவில்லை. அதனால் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான்.

தொட்டியில் இறங்கினான். காலில் சுரீரென்றது. எதிரே ஒரு பெரியவர் கண்ணை மூடிக் கழுத்துவரை ஊறிக்கொண்டிருந்தார், தலைமேல் நாலாக மடித்த வெள்ளைத் துண்டு. அந்தத் துண்டைத்தான் அவன் பார்த்தான். எத்தனையோ நாள் பார்த்ததுதான். அழகுக்காகவா அதைத் தலைமேல் வைத்திருக்கிறார்? தண்ணீரில் துணி படக் கூடாது என்பதற்காக. சோப்பு நுரை ஒரு துளி விழக் கூடாத தொட்டியில் முகம் துடைக்கிற கைத்துண்டின் முனைகூட நனையக் கூடாது, எதிர்ச்சுவரில் படம்கூடப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், துண்டு, தொட்டி, குறுக்கே சிவப்புக் கோடு. அந்தப் படம் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒட்டியிருக்குமே. தொட்டியின் கொதிநீர் நெஞ்சுக்கு ஏறி வர அவனுக்கு உள்ளே குளிர்ந்துகொண்டே போனது. இரண்டரை முழப் பாவாடையோடு அவள் இறங்குவாள். ஏற்றிக் கட்டிய முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்குவாள். யாராவது ஓடி வருவார்கள். இந்த ஊர்க்காரர்கள் கத்த மாட்டார்கள், அதுதான் இன்னும் மோசம், குனிந்து சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வார்கள், அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது, தொட்டியிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போவார்கள், அவள் ஈரத்துணியோடு நிற்பாள், கட்டிக்கலாம் புள்ள என்று சொன்ன ஒரு ஆளை நினைத்துக்கொண்டு. மேலே பார்த்தான். நடுச்சுவர் கூரையைத் தொடவில்லை, மேலே ஒரு ஆள் உயரத்துக்கு இடைவெளி, அதன் வழியே ஆவியும் சத்தமும் கலந்து வந்தன, தண்ணீர் ஊற்றும் சத்தம், பிளாஸ்டிக் கிண்ணம் தரையில் படும் சத்தம், யாரோ நீளமாகச் சிரிக்கும் சத்தம். எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் அந்தப் பெண்? சுலோசனாவின் குரலைத் தேடினான். அவள் குரல் இல்லை. அவள் எந்தச் சத்தமும் போடாதவள். குரல் இல்லாமல் இருப்பதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

எல்லாம் அந்தச் சீயக்காயால் வந்தது. ஊரிலிருந்து அவளோடு வந்தது மூன்று கிலோ சீயக்காய்த்தூள். ஒற்றை அறை, ஓரமாக அடுப்படி, அங்கே அகலமான பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, கெட்டில் கெட்டிலாக வெந்நீர் காய்ச்சி, அதற்குள் நின்றுதான் அவள் ஒரு வருஷமாகக் குளித்தாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். அவள் குளிக்கும்போது அவனுக்கு இருக்க வேறு அறை இல்லை, அதனால் வெளியே இரும்புப் படியில் போய் உட்கார்ந்துகொள்வான். டிசம்பரில் பனி விழும்போதும் உட்கார்ந்திருக்கிறான். கதவுக்கு உள்ளேயிருந்து சீயக்காய் வாசனை கீழ்ப்படிவரை வரும், எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்த வந்தவள் மூக்கை உயர்த்திப் பார்ப்பாள், அவனுக்கு ஏனோ அப்போது பெருமையாக இருக்கும். முடிந்ததும் அவள் கதவுக் கண்ணாடியில் விரலால் தட்டுவாள். உள்ளே போய் அவன் தன் பழைய வேட்டியால் தரையைத் துடைப்பான், அவள் ஈரத்தலையோடு டீ போடுவாள். அதில் ஒரு குறையும் அவனுக்குத் தெரிந்ததில்லை. சிங்க்கில் ஊற்றிய தண்ணீரில் சீயக்காய் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க் குழாயின் வளைவில் களிமண்ணாக இறுகிக்கொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை குழாய் தெறித்தது. தண்ணீர் பலகைச் சந்தில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகியது. குழாய்க்காரர் உள்ளேயிருந்து பழுப்பாக ஒரு உருண்டையை எடுத்து, முகர்ந்து பார்த்து, உங்கள் ஊர்க் கறி மசாலாவா என்று பயபக்தியோடு கேட்டார். மறுநாள் வீட்டுக்காரர் வந்தார், ஒழுகியது அவருடைய கூரை, ஆனால் மிட்டாய்ப் பெட்டியோடு வந்து மன்னிப்புக் கேட்டதும் அவரே. குனிந்து குனிந்து பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார், இனிமேல் அடுப்படியில் குளிப்பது சிரமமாக இருக்கும் என்று. சிரமமாக இருக்கும் என்றால் கூடாது என்று அர்த்தம். அன்றிலிருந்து அவள் ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துக்கொள்கிறாள். தலைக்கு வாரம் ஒரு முறை, வாளிக்கு மேல் குனிந்து, சத்தம் வராமல்.

பெரியவர் எழுந்து போனார். தொட்டியில் தண்ணீர் தாழ்ந்து அவன் தோளில் காற்றுப் பட்டது. எழ வேண்டும், எழுந்து என்ன செய்வது? சம்பள நாளில் பணத்தைப் பிரித்துப் பழைய கவர்களில் போட்டு வைப்பான், வாடகை, கேஸ், சாப்பாடு, ஊருக்கு அய்யனுக்கு. குழாய்க்காரருக்குக் கொடுத்தது அய்யன் கவரிலிருந்து. இந்த மாதம் தபால் தாமதம் என்று அப்பாவுக்கு எழுதிவிட்டான். குளியலறை உள்ள வீட்டைப் பார்க்காமல் இருந்தானா? பார்த்தான். இருவரும் நாள் விட்டு ஒரு நாள் இங்கே வந்து குளிக்கிற செலவையும் வெந்நீர் கேஸையும் கூட்டினால் அந்த வீட்டின் கூடுதல் வாடகையில் பாதிக்கு மேல் வந்துவிடும், மீதியை எப்படியாவது பிடித்துவிடலாம், மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோனால், மீனை மாலையில் விலை குறைக்கும் நேரத்துக்கு வாங்கினால். இடிப்பது மாதச் செலவு இல்லை, முதலில் உள்ளே நுழைவதற்குத்தான் முடியாது. முன்பணம், அதற்கு மேல் தரகு, அதற்கும் மேல் வீட்டுக்காரருக்கு நன்றிப் பணம் என்று இரண்டு மாத வாடகை, திரும்பி வராதது, வீடு கொடுத்ததற்கு நன்றி. கொடுப்பதற்கு முன்னாலேயே நன்றி. அதையும் தயார் என்றால், தரகர் தொலைபேசியில் வீட்டுக்காரரிடம் பேசுவார், பேசும்போது தொலைபேசிக்கே குனிவார், வைத்துவிட்டு, வெளிநாட்டுக்காரர் என்பதால் கொஞ்சம் சிரமமாம் என்பார். சிரமம். எல்லாக் கணக்கும் அந்த வார்த்தையில் போய் முட்டிக்கொண்டு திரும்பி வரும், மறுபடி முதலிலிருந்து கூட்டுவான், வாடகை, கேஸ், சாப்பாடு. அப்படிக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி அவள் படுத்தபடியே சொன்னாள். "அந்தக் குளிக்கிற எடத்துக்கு ஒருக்கா வந்து பாக்கறனுங்க. எனக்கு முடியலைன்னா என்னைய ஊருக்கு அனுப்பிச்சிருங்க. நானிருந்து உங்களுக்கு ரெட்டைச் செலவு." அவள் தூங்கியபிறகு, தூங்கினாளோ என்னவோ, அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தான். அவள் போய்விட்டால் அவன் கம்பெனி விடுதிக்குப் போய்விடலாம், நாலு பேருக்கு ஒரு அறை, வாடகை என்பதே பேருக்குத்தான், கீழே குளியல் இலவசம். எந்தக் கவரும் குறையாது. ஒரு வருஷத்தில் கையில் நல்ல தொகை நிற்கும். கணக்கு எங்கும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அது அவ்வளவு அழகாக வந்ததுதான் அவனைப் பயமுறுத்தியது. அவன் எழுந்து விளக்கைப் போடாமல் தண்ணீர் குடித்தான். அலமாரிக் கதவில் சிவப்பு ஒட்டுச்சீட்டுகள் இருட்டிலும் தெரிந்தன. பாதி விலைக்கு வந்த பொருள்மேல் கடைக்காரன் ஒட்டுகிற சீட்டு. எதிர்வீட்டுக்காரி ரொட்டிப் பொட்டலத்துச் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பீங்கான் தட்டு வாங்கியதைப் பார்த்து, இவள் வந்த புதிதில் இந்தச் சீட்டுகளையும் உரித்து ஒட்டி வைத்திருந்தாள். எல்லாம் சேர்ந்ததும் பெரிய அண்டாவாகவே கொடுப்பான் என்று அவன் சொல்லி, இரண்டு பேரும் மூச்சுத் திணறச் சிரித்தார்கள். அதை எந்தக் கவரில் போடுவது?

வெளியே வந்து துடைத்துக்கொண்டான். சட்டையின் பொத்தான்கள் மாறி மாறி விழுந்தன. மேடை அம்மாளிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், என் மனைவி நலமா, அவ்வளவுதானே வார்த்தை. ஆனால் ஆண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு பெண்கள் பக்கத்தைப் பற்றிக் கேட்பது எப்படி இருக்கும்? போனான், திரும்பினான், எடை பார்க்கும் கருவியில் காரணமில்லாமல் ஏறி இறங்கினான், மறுபடி போனான். அந்த அம்மாள் அவனைக் கண்டதும் அவளாகவே அந்தப் பக்கம் தலையை ஆட்டிக் காட்டி, வேகமாக ஏதேதோ சொன்னாள். அவனுக்குப் பிடிபட்டது, உங்கள் மனைவி, கெட்டிக்காரி, இவ்வளவுதான். இந்த ஊரில் காலை வணக்கம் சொன்னாலே கெட்டிக்காரன் என்பார்கள், குச்சியால் சோறு எடுத்தால் கெட்டிக்காரன் என்பார்கள். அதிலும் சங்கடமான ஏதாவது நடந்துவிட்டால் இன்னும் கூட்டித்தான் சொல்வார்கள், மிட்டாய்ப் பெட்டிபோல. அவன் குனிந்து நன்றி சொன்னான். காதுமடல் சுட்டது. தொட்டிச் சூடா, வேறா தெரியவில்லை.

செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே ஓரமாக நின்றான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இன்னும் முழுதாக இருட்டவில்லை, தெருவிளக்கு எரிந்தும் எரியாததுபோல இருந்தது. சிவப்புத் துணியை விலக்கிக்கொண்டு யாராவது வரும்போதெல்லாம் அவன் தரையைப் பார்த்தான், கால்களைப் பார்த்து அவள் இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்தான். தனக்குத்தானே பேசிப் பார்த்தான். போனால் போகிறது, நாளைக்கு டிக்கெட்காரனுக்குப் போன் செய்துவிடலாம், அவள் நிம்மதியாக இருக்கட்டும், அவள் அம்மா வீட்டில் வாய்க்கால் இருக்கிறது, பாவாடை கட்டிக்கொண்டு குளிக்கலாம். இப்படி நினைக்க நினைக்க, படியில் உட்கார்ந்து காத்திருக்க இனிமேல் ஒரு காரணமும் இருக்காது என்பது உறைத்தது. அவள் இருக்க வேண்டும் என்று அவளிடம் அவன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கட்டுப்படி ஆகும், ஆகாது என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அப்புறம் தெரிந்த செருப்பு, தெரிந்த கால்கள். நிமிர்ந்தான். அவள் தலை காய்ந்திருந்தது. ஒரு முடிகூட நனையவில்லை, பின்னல் காலையில் போட்ட அதே பின்னல். கையிலிருந்த பையின் வாயில் மஞ்சள் பாவாடை மடித்த மடிப்புக் கலையாமல் தெரிந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தான். அவள் "போலாமுங்க" என்றாள்.

கொஞ்ச தூரம் நடந்தார்கள். அவனுக்குத்தான் பொறுக்கவில்லை. "நான் சொன்னது தப்பு புள்ள. அந்தப் பாவாடை விஷயம். எனக்குத் தெரியாதுன்னுகூட இல்ல" என்றான்.

"உள்ள காலை வெச்சதுமே தெரிஞ்சுபோச்சுங்க" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. நடந்துகொண்டே, ஊர்ச் சந்தைக்குப் போய்வந்தவள் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கூடையைப் பிடித்தபடி நின்றேபோனாளாம், திரும்பி ஓடிவிடலாமென்றால் அவன் உள்ளே குளித்துக்கொண்டிருப்பான். அப்போது ஒரு சின்ன வயசுத் தாய், ஒரு கையில் நடக்கிற பிள்ளை, ஒரு கையில் கைக்குழந்தை, சுற்றிலும் பார்த்தாள், சும்மா நிற்பது இவள் ஒருத்திதான், கைக்குழந்தையை இவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு மூத்ததை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம். அங்கே குழந்தைகளுக்கென்று ஓரமாக ஐந்தாறு சின்னக் கட்டில்கள் இருக்கின்றனவாம். ஆண்கள் பக்கம் அப்படி எதுவும் கிடையாது. ஒன்றரை வருஷமாக இங்கே குளித்தும் சென்னியப்பனுக்கு அது தெரியாது. தாய் தன் பிள்ளையை உள்ளே வாங்கிக் குளிப்பாட்டி ஈரமாகத் திருப்பிக் கொடுத்தாள், இவள் துவட்டி, பவுடர் போட்டு, மூக்கை நீவிவிட்டு, காலை மடக்கி நீட்டி விட்டிருக்கிறாள். அதைப் பார்த்து இன்னொருத்தி தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தாளாம். அப்புறம் இன்னொருத்தி. மேடை அம்மாள் இறங்கி வந்து, இவள் கொடுத்த காசை இவள் கையிலேயே வைத்து மூடி, நாளைக்கு, குளிக்கும்போது, என்று சைகையில் சொன்னாளாம்.

"ஒரு பெரியம்மாவுக்கு ஒரு பக்க மாரே இல்லீங்க. ஆப்பரேஷன் பண்ணியிருக்கும்போல இருக்குது. அவுங்க பாட்டுக்கு நடந்து போறாங்க, வாறாங்க, பால் வாங்கிக் குடிக்கிறாங்க. யாரும் யாரையும் பாக்கலீங்க. நாந்தான் பாத்துட்டிருந்தேன்." பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "அப்பறம் நானும் பாக்கலை."

தெருமுனையில் டிராம் கடக்கும் மணி அடித்தது. தடுப்புக் கட்டைக்கு இப்பால் நின்றார்கள். அவன் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது, கேட்கவும் பயமாக இருந்தது. நாளைக்கு டிக்கெட்காரனுக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்க வாயெடுத்தவன், "நீ இங்கயே இரு புள்ள" என்றான். "எப்படியோ பாத்துக்கலாம்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி அவன் பேசி அவள் கேட்டதில்லை. டிராம் வெளிச்சம் அவள் முகத்தில் ஜன்னல் ஜன்னலாகப் போயிற்று. அது போய் முடிந்து கட்டை மேலே எழும்பியும் அவள் நகரவில்லை.

"ஏனுங்க" என்றாள். "குழந்தைய என்கிட்டக் குடுங்க, நீங்க போயி நெதானமாக் குளிச்சுட்டு வாங்கன்னு இவுங்க பேச்சுல எப்படிச் சொல்றதுங்க?"

அவன் சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள், பாதியில் நாக்குத் தடுக்கியது. தண்டவாளத்தைத் தாண்டும்போது முணுமுணுத்துப் பார்த்தாள், அந்தக் கரையில் போய் நின்று மறுபடி முழுதாகச் சொன்னாள், மறுபடியும் அதே இடத்தில் தடுக்கியது.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.